அப்பாவின் ரிவால்வருக்கு நீலம்

என் அண்ணனுக்குப் பழசு எதுவும் பழசாக இருக்கக் கூடாது. அப்பா இறந்த மறுமாதமே அவர் உட்கார்ந்த நாற்காலிக்கு வார்னிஷ் அடித்தான். அவருடைய போட்டோவை ஸ்டுடியோவில் கொடுத்து, கன்னத்திலிருந்த அம்மைத் தழும்புகளை எடுக்கச் சொல்லி, முன்னந்தலையில் கொஞ்சம் முடியையும் சேர்த்து, சட்டம் போட்டு மாட்டினான். படத்தில் இருப்பவர் யாரென்று அம்மாவே சற்று நேரம் யோசித்தாள். நாற்காலியும் போட்டோவும் முடிந்த பிறகு அவன் கண் ரிவால்வர் மேல் விழுந்தது.

அப்பா போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணனும் அதே துறை. இப்போது காவலர் பயிற்சிப் பள்ளிக்குத் தலைவன். அங்கே ஒரு காட்சிக்கூடம் திறக்கப்போகிறார்கள். அதில் நடுநாயகமாக ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் அப்பாவின் சொந்த ரிவால்வர், அதன் காலடியில் ஒரு பித்தளைத் தகடு. தகட்டில் பொறிக்கவேண்டிய வாசகத்தை அவனே எழுதி எனக்குப் போனில் வாசித்துக் காட்டினான். ‘பணிக்காலம் முழுவதும் தம் துப்பாக்கியை ஒரு மனிதர் மீதும் நீட்டாதவர்.’

“எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

“நல்லா இருக்கு,” என்றேன். அன்றைக்கு நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

நம்பாமல் என்ன செய்வது? எங்கள் வீட்டில் அது பால்குடி மறக்கும் முன்பே ஊட்டப்பட்ட கதை. ஸ்டேஷன் வாசலில் ஒரு கும்பல் கல்லோடு வந்து நின்றபோது அப்பா படியில் இறங்கி நின்று, இடுப்பு உறையின் மேல் கையை வைத்தபடியே பேசி அனுப்பிவைத்தாராம். துறையில் அவருக்கு ‘உறை’ என்றே பட்டப்பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் ரிவால்வரைப் பிரித்துப் போட்டு, துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டுவார். நானும் அண்ணனும் சுவரோரம் கைகட்டி நிற்கலாம். அம்மா மட்டும் அந்தப் பக்கமே வரக்கூடாது. எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை திடீரென்று நின்றுபோனது. ரிவால்வர் உறையோடு பீரோவுக்குள் போனது போனதுதான். அப்பா ஆயுதத்தையே வெறுத்துவிட்டார் என்று அண்ணன் பின்னாளில் அதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்து, மேடைக்கு மேடை வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தான்.

அம்மா ஏன் வரக்கூடாது என்பதைச் சொல்ல என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். இயந்திர உதிரிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் அளவுக்கூடத்தில் இருக்கிறேன். தலைமுடியில் பாதி கனம் பிசகினாலும் காட்டிக்கொடுக்கும் எஃகுக் கட்டைகளை வைத்து மற்றவர்கள் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிப்பது என் தொழில். குணத்துக்குப் பொருத்தமான வேலை என்று அண்ணி சொல்வாள். அங்கே புதிதாகச் சேருகிறவர்கள் மெருகேற்றிய ஓர் எஃகுத் துண்டைச் சற்று நேரம் கையில் பொத்தி வைத்திருந்துவிட்டு அப்படியே மேஜை இழுப்பறைக்குள் போடவேண்டும். மறுநாள் எடுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலானவர்களின் துண்டு போட்டபடியே கிடக்கும். என்னுடையதில் விரல் ரேகை எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் துரு பூத்திருந்தது. சிலருடைய வியர்வைக்கு இரும்பைத் தின்னும் குணம் உண்டு. அன்றிலிருந்து எனக்குக் கையுறையும், ‘துருக்கை’ என்ற பெயரும் நிரந்தரம்.

அந்தக் கை எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா வீட்டிலேயே துணி தைப்பவள். அவள் கத்தரிக்கோலின் பிடியில் துணி சுற்றியிருக்கும். தையல் மிஷினின் கைச்சக்கரத்துக்கும் துணி உறை. ஊசிகளை மெழுகுக் கட்டியில் குத்தி வைப்பாள், இல்லையென்றால் இரண்டே நாளில் கறுத்துப்போகும். “உன் கை பட்டா இரும்பே உளுத்துப்போகுது, நான் எம்மாத்திரம்?” என்று அப்பா விருந்தாளிகள் எதிரில் சொல்லிச் சிரிப்பார். விருந்தாளிகளும் சிரிப்பார்கள். அம்மா தண்ணீர் எடுத்துவர உள்ளே போவாள். இந்தக் கை அவருடைய ரிவால்வரின் மேல் ஒருநாளும் படக்கூடாது என்பது வீட்டில் எழுதாத சட்டம்.

காட்சிக்கூடம் என்றதும் அண்ணன் என்னை அழைத்து ரிவால்வரைக் கையில் கொடுத்தான். சுட முடியாதபடி துறையிலேயே அதன் உள்ளுறுப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். “உனக்குத்தானே இரும்போட பாஷை தெரியும். நீயே கூட இருந்து புதுசாக்கி வாங்கிட்டு வா,” என்றான். பீரோ சாவி அத்தனை வருடமும் அம்மாவிடம் இருந்தது. அவன் கேட்டதும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டாளாம்.

துப்பாக்கி பழுது பார்ப்பவரின் பட்டறை ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்தது. இரும்புக் கதவு, அதைத் திறந்தால் இன்னொரு இரும்புக் கதவு. உள்ளே சாணைச் சக்கரங்கள், ஒரு மூலையில் இருமல் மருந்து நிறத்தில் ஏதோ கொதித்து அடங்கிய தொட்டி, சுவர் முழுக்க அரங்கள். மனிதர் வாய் ஓயாதவர். நான் உட்காருவதற்குள் தன் மூட்டுவலி, மருமகனின் சோம்பேறித்தனம், டயர் கடைக்காரனின் ரேடியோ எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார்.

“சரிம்மா, நோயாளியைக் காட்டுங்க,” என்று துணியைப் பிரித்தார். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மூணு வழி இருக்கு. ஒண்ணு, அப்படியே விட்டு எண்ணெய் போட்டு வெக்கறது. பழசு சேக்கறவங்க அதைத்தான் கேப்பாங்க. ரெண்டாவது, போன எடத்துல மட்டும் தொட்டு வெக்கறது. அது ஒப்பேத்தற வேலை, கிட்டப் பாத்தா பல்லிளிச்சிடும். மூணாவது, முழுசா சாணை பிடிச்சு, தொட்டியில முக்கி நீலம் ஏத்தறது. கடையிலேர்ந்து இப்பத்தான் வாங்கின மாதிரி வரும். ஆனா பழசு போயிடும்.”

“போனா?”

“போனது போனதுதான். சீவி எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்டவா முடியும்?”

நீலம் என்பது பெயிண்ட் இல்லை. எஃகின் மேல்தோலையே மருந்துத் தொட்டியில் வேகவைத்து கருநீலமாக மாற்றுவது. தோலில் குழி இருந்தால் நீலத்திலும் குழி தெரியும். அதனால் குழி மறையும்வரை முதலில் தோலை உரிக்கவேண்டும். இதையெல்லாம் அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும், ஆனால் சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்ததால் தலையாட்டினேன்.

“உடம்பெல்லாம் சுத்தமா இருக்கு. பொறுப்பான மனுஷன் கையில இருந்திருக்கு. முன்னால குழல்ல மட்டும்தான் சொறி,” என்று உருப்பெருக்கியை என் பக்கம் தள்ளினார்.

குனிந்து பார்த்தேன். குட்டையான குழல். அதன் இரண்டு பக்கமும் நீளவாக்கில் பழுப்புக் குழிகள் வரிசை வரிசையாக இறங்கியிருந்தன. குழலின் வாயைச் சுற்றியும் வட்டமாக அதே அரிப்பு. இப்படிப்பட்ட துருவை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன், என் சொந்த மேஜை இழுப்பறைக்குள்.

துப்பாக்கியைத் தொடாமல் என் கையை அதன் மேலே பிடித்துப் பார்த்தேன். முதலில் பக்கவாட்டில். பொருந்தவில்லை. பிறகு முன்னாலிருந்து, உள்ளங்கை குழலின் வாயை மூட, விரல்கள் குழலின் மேல் படுத்துப் பின்பக்கம் பார்க்க. ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு வரிசையின் மேல் போய் நின்றது. ஒன்றைத் தவிர. மோதிர விரலின் தடம் மட்டும் ஒருபக்கமாகச் சாய்ந்து, பக்கத்து விரலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அம்மாவின் வலது மோதிர விரல் அப்படித்தான் சாய்ந்திருக்கும். தையல் மிஷினுக்குள் மாட்டி ஒடிந்து, கட்டுப் போடாமலே கூடிப்போன விரல் அது.

“யாரோ குழலைப் பிடிச்சு இன்னொருத்தர்கிட்ட குடுத்திருக்காங்க. அப்படித்தான் குடுக்கணும், பிடி அந்தப் பக்கம் இருக்கற மாதிரி,” என்றார் அவர்.

“குடுக்கறவங்க குழல் வாயைப் பொத்துவாங்களா?”

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். டயர் கடை ரேடியோ மட்டும் கேட்டது.

“எதிர்ல நின்னவங்க பிடிச்சிருக்காங்க,” என்றார் மெதுவாக. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “போலீஸ்காரர் துப்பாக்கிதானே. எவனாவது திருட்டுப்பய பிடிச்சிருப்பான்,” என்று சேர்த்தார். நல்ல மனிதர். ஆனால் திருடன் பிடித்திருந்தால் அப்பா அன்றைக்கே துடைத்து எண்ணெய் போட்டிருப்பார், ஊருக்கெல்லாம் சொல்லியும் இருப்பார். வாரம் தவறாமல் துடைத்த மனிதர் ஒரே ஒரு முறை துடைக்காமல் தோலுறைக்குள் செருகிப் பூட்டியிருக்கிறார். அதன் பிறகு அதை வெளியே எடுத்துப் பார்க்க அவருக்கு முடியவில்லை. பூட்டிய உறைக்குள் அம்மாவின் வியர்வை தன் வேலையை நிதானமாகப் பார்த்திருக்கிறது.

“என்னம்மா செய்யறது?” என்று கேட்டார்.

“ரெண்டு நாள் கழிச்சு சொல்றேன். அதுவரைக்கும் கை வெக்காதீங்க,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அங்கிருந்து நேராக அண்ணனின் அலுவலகத்துக்குப் போனேன். அவன் மேஜையில் வெல்வெட் துணித் துண்டுகளைப் பரப்பிவைத்து எந்தச் சிவப்பு எடுப்பாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். பட்டறையில் போனில் எடுத்த படத்தையும் காட்டினேன். அவன் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினான்.

“பீரோவைச் சுத்தம் பண்ணும்போது அம்மா தொட்டிருப்பாங்க.”

“குழல் வாயைப் பொத்திக்கிட்டா சுத்தம் பண்ணுவாங்க?”

“உனக்கு அப்பாவைப் பத்தி எப்பவுமே...”

“எனக்கென்ன எப்பவுமே? நேத்து வரைக்கும் உன் தகட்டை நானும் நம்பினவதான்.”

அவன் வெல்வெட் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். ஓரங்களைச் சரிபார்த்தான். “அவர் இப்ப இல்ல. பதில் சொல்ல ஆள் இல்ல. நான் ஹாஸ்டல்லேர்ந்து வரப்பெல்லாம் என் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நடந்தவர் அவரு. காய்ச்சல்ல கிடந்தப்ப ராத்திரி பூரா விசிறினவர் அவரு. எனக்குத் தெரிஞ்சது அந்த மனுஷன்தான்.”

“எனக்கும் அவரைத் தெரியும். நான் இல்லன்னு சொல்லல.”

“அம்மா ஏதாவது கேட்டாங்களா?”

“அம்மா எந்தக் காலத்துல எதைக் கேட்டிருக்காங்க?”

“அப்ப விட்டுடு.” பிறகு தலை நிமிராமல், “முழுசா பாலிஷ் போடச் சொல்லு. ஒரு புள்ளி தெரியக் கூடாது,” என்றான்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்கு வயிறு எரிந்தது. நம்பாதவனாக இருந்தால் எழுந்து வந்து பார்த்திருப்பான், என்னோடு சண்டை போட்டிருப்பான். அவன் நம்பிவிட்டான். நம்பியதால்தான் ஒரு புள்ளி தெரியக் கூடாது. பூசி மெழுகுவதில் என் அண்ணனை அடிக்க ஆள் கிடையாது.

“அம்மாகிட்ட கேட்டுட்டு சொல்றேன்,” என்றேன்.

“கேக்காத,” என்றான். அதிகாரமாகச் சொல்ல நினைத்திருப்பான். கெஞ்சலாக வந்தது.

கேட்டேன். அம்மா அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். அறையில் பாதியைத் தையல் மிஷின் அடைத்திருக்கிறது. கண் மங்கிவிட்டாலும் அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் தலையணை உறை, கால்சட்டை மடிப்பு என்று ஏதாவது ஓட்டிக்கொண்டிருப்பாள். நான் போனபோது அண்ணி வெளியே போயிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, போனை அவள் முன்னால் வைத்தேன். படம் என்னவென்று அவளுக்கு விளங்க நேரமாகும் என்று நினைத்தேன். உடனே விளங்கிவிட்டது.

“பாத்துட்டியா,” என்றாள். ஏதோ காய்கறி வாங்கிவந்துவிட்டாயா என்று கேட்கும் குரல்.

“என்னம்மா நடந்துச்சு?”

“நீ ஸ்கூலுக்குப் போயிருந்த. அவன் ஹாஸ்டல்ல. உங்கப்பாவுக்கு அந்தத் தடவையும் பதவி உயர்வு வரல. கண்ணாடி முன்னால நின்னு மேலதிகாரிகிட்ட பேசற மாதிரி பேசிப் பாத்துக்கிட்டிருந்தாரு. கையெல்லாம் ஆட்டிக்கிட்டு. நான் காஜா எடுத்துக்கிட்டே பாத்தேனா, சிரிப்பு வந்துடுச்சு.” மிஷினில் இருந்த துணியை அவள் நேராக்கிக்கொண்டாள். “சிரிச்சேன். அவ்வளவுதான் நான் செஞ்சது.”

நான் முக்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“இப்ப சிரி, இப்ப சிரின்னாரு. நெத்திக்கு நேரா. எனக்கு ஒண்ணும் தோணல. கையால பொத்தினேன். பொத்தினா குண்டு நின்னுடுமா? அப்ப அது தோணல. விட்டா போச்சுன்னு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். எவ்வளவு நேரமோ. அப்புறம் யாரோ ஜாக்கெட்டு வாங்க வந்து கதவைத் தட்டினாங்க. சட்டுனு உருவி உறையில போட்டுக்கிட்டு, அவர்தான் போய்க் கதவைத் திறந்தாரு. வாங்க வாங்க, உள்ள வாங்கன்னாரு.”

“மன்னிப்பு கேட்டாரா?”

“மன்னிப்பா?” அம்மா நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். “சாயங்காலம் பீரோவைப் பூட்டிச் சாவியை மிஷின் மேல வெச்சாரு. நீயே வெச்சுக்கன்னாரு. அதுதான். அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேச்சே கிடையாது. விருந்தாளிங்க முன்னால கையைப் பத்தி கிண்டல் பண்றதையும் விட்டுட்டாரு.”

எத்தனை வருடமாக இந்த மிஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, அண்ணன் மேடையில் பேசியதை வந்து பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் ஊம் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

“அது அப்படியே இருக்கட்டும்மா. பாலிஷ் போட வேண்டாம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள அப்படியே வெக்கட்டும். இல்ல, வெக்கவே வேண்டாம். நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் அவன்கிட்ட பேசிக்கறேன்.”

“வேண்டாம். பாலிஷ் போடச் சொல்லு.”

“போட்டா அழிஞ்சிடும்மா. உன் கை அது. இந்தப் படத்தைத் தவிர வேற சாட்சி கிடையாது.”

“அழியட்டும். நல்லா வழவழன்னு போடச் சொல்லு. அவனும் ஆசைப்படறான்.”

கல்லுளிமங்கி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊசியில் நூல் கோக்க என்னிடம் நீட்டினாள். கோத்துக் கொடுத்தேன். முடிச்சுப் போட்டுக்கொண்டே, “ஏண்டி, புதுசா அந்த நீலம் போட்டுட்டா அப்புறம் துருவே பிடிக்காதா?” என்று கேட்டாள்.

“பிடிக்கும். நம்ம மாதிரி கை பட்டு, துடைக்காம விட்டா பிடிக்கும்.”

“அப்படியா,” என்று நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

அவள் மேல் எனக்கிருந்த ஆத்திரத்தில் அந்தக் கேள்வியை நான் பொருட்படுத்தவில்லை. வாழ்நாள் முழுக்க அவர் சட்டைக்குக் கஞ்சி போட்டாள், இப்போது அவர் துப்பாக்கிக்கும் மெருகு போடச் சொல்கிறாள் என்று பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் அவளை வெளுத்து வாங்கினேன்.

மறுநாள் பட்டறைக்குப் போய், “முழுசா போட்டுடுங்க,” என்றேன்.

அவர் உடனே எடுக்கவில்லை. “நிச்சயமா சொல்றீங்களா? நானே வேண்டாம்னு சொல்றது என் பொழப்புக்கு நல்லதில்ல. ஆனா கேக்கறேன்.”

“கை யாரோடதோ, அவங்களே சொல்லிட்டாங்க.”

அவர் ரிவால்வரைக் கையில் எடுத்தார். சாணைச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. போய்விடலாம் என்றுதான் இருந்தேன், போகாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் சுண்டுவிரல் போனது. அது அதிகம் ஆழமில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தன. குழலின் வாயைச் சுற்றியிருந்த வட்டத்தை அவர் சின்னச் சக்கரத்தில் வைத்து எடுத்தார். சாய்ந்த மோதிர விரல்தான் கடைசி. தேய்க்கத் தேய்க்க, ஆழத்தில் ஒரு புள்ளி மட்டும் போகாமல் நின்றது. அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அதுவும் போனது. தரையில் விழுந்த தூளை அவர் விளக்குமாற்றால் ஓரமாகக் கூட்டித் தள்ளினார்.

இரண்டு நாள் கழித்து வாங்கப் போனபோது ரிவால்வர் கருநீலமாகக் கண்ணைப் பறித்தது. அதில் என் முகம் தெரிந்தது. “எண்ணெய் தடவித்தான் குடுப்பேன். வெல்வெட்ல கறை பட்டுடும், எண்ணெய் வேண்டாம்னு உங்கண்ணன் போன் பண்ணிச் சொன்னாரு. அதனால எண்ணெய் போகத் துடைச்சு வெச்சிருக்கேன். யார் கை பட்டாலும் உடனே இதை வெச்சுத் துடைச்சிடுங்க,” என்று எண்ணெயில் ஊறிய ஒரு துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தார்.

திறப்பு விழா அன்று காட்சிக்கூடத்தில் புழுக்கம் தாங்கவில்லை. மின்விசிறிகள் இருந்தன, புகைப்படத்தில் விழக் கூடாது என்று மேடைப் பக்கம் இருந்தவற்றை எடுத்துவிட்டிருந்தார்கள். பயிற்சிக் காவலர்கள் விறைப்பாக நின்றார்கள். அண்ணன் பேசினான். நன்றாகத்தான் பேசினான். உறையின் மேல் கை வைத்த கதை, கும்பல் கலைந்த கதை, ஆயுதத்தைத் துறந்த கதை. “சாவியை எங்க அம்மா கையில ஒப்படைச்சாரு. அந்த நம்பிக்கைக்குப் பேருதான் குடும்பம்,” என்றபோது குரல் தழுதழுத்தது. கைதட்டினார்கள். அவன் என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

அம்மா முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி எடுத்துக் கொடுத்த வெளிர்நிறப் புடவை. வலது கையை மட்டும் இறுக்கி மூடி மடியில் வைத்திருந்தாள். பேச்சு முழுக்க அப்படியே வைத்திருந்தாள். கைக்குட்டை நீட்டினேன், வேண்டாமென்று தலையசைத்தாள்.

ரிவால்வரைப் பீடத்தில் வைப்பது அம்மா கையால் என்று ஏற்பாடு. வெள்ளைக் கையுறை அணிந்த காவலர் ஒருவர் தட்டில் வைத்து எடுத்து வந்தார். இன்னொரு ஜோடிக் கையுறை தட்டின் ஓரத்தில் இருந்தது. “போட்டுக்கறீங்களாம்மா?” என்றான் அண்ணன்.

“வேண்டாம்ப்பா. வழுக்கும்,” என்றாள் அம்மா.

வெறுங்கையால் வைத்தால் படமும் நன்றாக வரும் என்று புகைப்படக்காரர் சொன்னார். அண்ணனும் சரியென்றான். அம்மாவின் கையைப் பற்றி வீட்டில் அத்தனை காலம் கேட்ட கிண்டலெல்லாம் அவனுக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. கிண்டல் செய்யப்பட்டவளுக்கு மறக்கவில்லை.

அம்மா இடது கையால் பிடியைப் பிடித்துத் தூக்கினாள். பீடத்தின் கவைகளில் அதைச் சாய்த்து வைத்தாள். பிறகு முன்னால் வந்து, மூடி வைத்திருந்த வலது கையைத் திறந்து, உள்ளங்கையால் குழலின் வாயைப் பொத்தி, விரல்களைக் குழலின் மேல் படிய வைத்து இறுக்கினாள். சரியாக உட்காரவைக்க அழுத்துகிறாள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அந்தக் கையை நான் உருப்பெருக்கியில் பார்த்திருக்கிறேன்.

“அப்படியே இருங்கம்மா,” என்றார் புகைப்படக்காரர்.

அம்மா அப்படியே இருந்தாள். பக்கத்தில் அண்ணன் சிரித்தபடி நின்றான். இன்னொரு கோணம் என்றார்கள். அதற்கும் இருந்தாள். அவள் கையை எடுத்தபோது கருநீலத்தில் ஒரு ஈரக் கை படிந்திருந்தது, மோதிர விரல் ஒருபக்கமாகச் சாய்ந்து. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வற்றிக் காணாமல் போனது. அம்மா படியிறங்கி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அண்ணன் என் காதருகே குனிந்தான். “பூட்டறதுக்கு முன்னால ஒரு தடவை துடைச்சிடு. பட்டறைக்காரர் சொன்னாரில்ல?”

பையிலிருந்து எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு மேடையேறினேன். கூட்டத்துக்கு முதுகு காட்டி, பெட்டியை மறைத்தாற்போல் நின்றேன். திரும்பி ஒரு முறை அம்மாவைப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துடை என்றும் சொல்லவில்லை, துடைக்காதே என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் அவளைத் திட்டியதெல்லாம் ஞாபகம் வந்து எனக்கு வெட்கமாக இருந்தது.

துணியைப் பிரித்து, குனிந்து, பித்தளைத் தகட்டைத் துடைத்தேன். ‘ஒரு மனிதர் மீதும்’ என்ற இடத்தில் கொஞ்சம் அழுத்தித் துடைத்தேன். துணியை மடித்துப் பையில் போட்டேன். கண்ணாடிக் கதவைச் சாத்தினேன்.

அண்ணன் வந்து பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இனி அடுத்த ஆண்டு விழாவுக்குத்தான் திறப்பார்களாம்.

“நல்லா துடைச்சிட்டியா?” என்று கேட்டான்.

“துடைச்சாச்சு,” என்றேன்.